கவிழ்த்து வைத்த படம்

"வானம் பார்த்த பூமி" என்னும் சொல்லின் பொருளைக் கண்ணாரக் காண விரும்புவோர், அருப்புக்கோட்டையில் பேருந்து ஏறித் திருச்சுழி வழியாக வீரசோழன் வரை ஒருமுறை சென்று வரலாம். திருச்சுழியில் குண்டாற்றைக் காண்பீர்கள். ஆண்டின் பெரும்பகுதி அது மணல் ஓடும் ஆறு. இரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர் அது; பூமிநாதர் கோயிலும் அங்கேதான் உள்ளது. அதனைக் கடந்தால் இருமருங்கிலும் சீமைக் கருவேலங்காடு, இடையிடையே பனை, ஆங்காங்கே கரிமூட்டத்தின் புகை. ஐப்பசி மழை பெய்தால்தான் இந்நிலம் முகம் மலரும். கண்மாயில் நீர் தேங்கும். கரிசலில் மல்லியும் மிளகாயும் பருத்தியும் தலைதூக்கும். மழை பொய்த்தால் பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் செல்வார்கள். முன்பு இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1985இல் பிரிந்த மாவட்டத்திற்குள் வந்த இச்சீமையின் பழைய கதை அது.

சோழன் பெயரைத் தாங்கிப் பாண்டி நாட்டில் நிற்கும் ஊர் வீரசோழன். சுற்றுப்பட்டிகளுக்கெல்லாம் அதுவே சந்தை ஊர். பள்ளிவாசலின் பாங்கொலி கேட்கும் தெருக்களில் நம் மக்களின் வீடுகள் மிகச் சில. கல்லறைத் திருநாள் முடிந்த வாரத்தில் அவ்வீடுகளைச் சந்திக்கச் செல்வது என் வழக்கம். சென்ற ஆண்டு அவ்வாறு சென்றபோது ஒரு முதியவரின் வீட்டில் நான் கண்ட புகைப்படத் தொகுப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அம்முதியவருக்கு வயது எழுபதுக்கு மேல். தென்மாவட்டத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில், உடற்கூற்றியல் துறையில், முப்பத்தைந்து ஆண்டுகள் கடைநிலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டியதில்லை. மாணவர் படிப்பதற்காக வைக்கப்படும் இறந்தோர் உடல்களைக் கழுவி, ஃபார்மலின் மருந்து ஏற்றிப் பாதுகாத்து, மேசையில் கிடத்தி, படிப்பு முடிந்தபின் எஞ்சியதைச் சேகரித்து அடக்கத்துக்கு அனுப்புவது அவருடைய வேலை. "அந்த மருந்து வாடை சோற்றுக் கையிலும் இருக்கும், சாமி. பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசப் போனால், 'பிணம் தொடுகிறவர் வீடு' என்று இரண்டு இடத்தில் தட்டிக்கழித்தார்கள்" என்றார். அவர் குரலில் கசப்பு இல்லை. மழை பெய்யாத ஆண்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

உரையாடலுக்கிடையில் அவர் துணைவியார் தகரப் பெட்டியிலிருந்து தடித்த ஆல்பம் ஒன்றை எடுத்து வந்தார். கறுப்பு அட்டைத் தாள்களில் மூலை ஒட்டிகள் வைத்துச் செருகிய படங்கள். ஆண்டுதோறும் விடைபெற்றுச் சென்ற மாணவர்கள் அன்பின் அடையாளமாக அவருக்கு ஒரு பிரதி தந்திருக்கிறார்கள். 1970களின் கறுப்பு வெள்ளையில் தொடங்கி, நிறம் வெளிறிய வண்ணப் படங்களாகத் தொடர்ந்து, அவர் ஓய்வு பெறும் காலத்தோடு நின்றுவிடுகிறது அத்தொகுப்பு. பிறகு படங்களெல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டன அல்லவா!

ஒரு மருத்துவக் கல்லூரியின் வாழ்வு முழுவதையும் அத்தாள்களில் கண்டேன். அகலக் கால்சட்டையும் நீண்ட கிருதாவுமாக விடுதி வாசலில் நிற்கும் இளைஞர்கள். கொடிக்கயிற்றில் வரிசையாகக் காயும் வெள்ளை அங்கிகள். கையில் மண்டையோட்டை ஏந்தி நரம்புகளின் பெயரை உருப்போடும் கிராமத்துப் பையன். கல்லூரி நாள் நாடகத்தில் ஒட்டு மீசை வைத்த மாணவி. தேர்வு முடிவு ஒட்டிய பலகையின் முன் முண்டியடிக்கும் கூட்டம். இரவுப் பணி முடிந்து தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்தபடியே உறங்கிவிட்ட பயிற்சி மருத்துவர்.

குழுப்படங்களைப் பார்த்துக்கொண்டே சென்றால் நாட்டின் மாற்றமும் தெரிகிறது. தொடக்கப் படங்களில் முன்வரிசை நாற்காலிகளில் பேராசிரியர்களுக்கு அருகே விரல்விட்டு எண்ணத்தக்க பெண்கள். கடைசிப் படங்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல்தான் மேரி ஷார்லீப் அம்மையார் உள்ளிட்ட நான்கு பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தனர். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்க வேண்டியிருந்தது. மதுரையில் 1954இலும் திருநெல்வேலியில் 1965இலும் கல்லூரிகள் வந்தபின் தென்பாண்டிச் சிற்றூர்ப் பிள்ளைகளும் இவ்வரிசைகளில் நிற்கத் தொடங்கினர். ஒருவரும் எழுதி வைக்காத இவ்வரலாற்றை ஒரு கடைநிலைப் பணியாளரின் தகரப் பெட்டி காத்து வைத்திருக்கிறது.

"இவற்றில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், பெரியவரே?" என்று கேட்டேன். விரலால் காட்டினார். சில படங்களில் கடைசி வரிசையின் ஓரத்தில், தூணை ஒட்டி நிற்கிறார். ஒன்றில் பாதி முகம் வெட்டுப்பட்டிருக்கிறது. பல படங்களில் அவர் இல்லை. படத்தின் அடியில் அச்சிட்ட பெயர் வரிசையிலோ எந்த ஆண்டிலும் அவர் பெயர் இல்லை.

ஆல்பத்தின் கடைசித் தாளில் ஒரு படம் மட்டும் கவிழ்த்துச் செருகப்பட்டிருந்தது. திருப்பப் போனேன். "அதை வேண்டாம், சாமி" என்று என் கையைப் பற்றினார். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, அவரே அதைத் திருப்பிக் காட்டினார்.

மாணவர் நால்வர் ஒரு மேசையைச் சூழ்ந்து நிற்கின்றனர். ஒருவன் வாயில் சிகரெட். ஒருவன், மேசையில் கிடத்தப்பட்ட முதியவர் ஒருவரின் கையை உயர்த்திக் கைகுலுக்குவதுபோல் பிடித்திருக்கிறான். நால்வரும் சிரிக்கிறார்கள். கிடப்பவரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. நெடுநாள் வெயிலில் உழைத்த முகம். நம் ஊர்க் கரிசலில் நாள்தோறும் நாம் காணும் முகம்.

"ஆசுபத்திரியில் அனாதையாகச் செத்தவர், சாமி. தேடி யாரும் வரவில்லை. பையன்கள் விளையாட்டுக்கு எடுத்துவிட்டார்கள். விடுதியில் கைமாறிக்கொண்டிருந்தது. நான் போய்க் கேட்டேன்; வெட்கப்பட்டுப் படத்தையும் சுருளையும் கொடுத்துவிட்டார்கள். சுருளை அன்றே எரித்துவிட்டேன். படத்தைக் கிழிக்க மட்டும் மனம் வரவில்லை. அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே படம் இதுதானே?"

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அப்படத்தைக் காட்டவும் இல்லை, அழிக்கவும் இல்லை, கவிழ்த்தே வைத்திருக்கிறார். அந்நால்வரையும் அவர் பழித்துப் பேசவில்லை. "பயத்தை மறைக்கச் சிரித்தார்கள். அதில் ஒருவர் பிறகு ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த நாட்களில் இத்தகைய படங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். இது நம் நாட்டில் மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் 1880க்கும் 1930க்கும் இடையே, உடலைச் சூழ்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வது மருத்துவ மாணவரிடையே பெருவழக்காக இருந்தது. மேசை விளிம்பில் சுண்ணக்கட்டியால் வேடிக்கை வாசகங்களை எழுதி வைப்பார்கள். அஞ்சலட்டையாகவும் அச்சிட்டு அனுப்புவார்கள். ஜான் ஹார்லி வார்னர், ஜேம்ஸ் எட்மன்சன் என்னும் அறிஞர் இருவர் அப்படங்களைத் திரட்டி 2009இல் நூலாக வெளியிட்டனர். மாணவன் மருத்துவனாக மாறும் சடங்கின் பதிவாக அவற்றை அவர்கள் காண்கிறார்கள். மேசையில் கிடந்தவர்களோ பெரும்பாலும் ஏழைகள், கறுப்பின மக்கள். தம் உடலைத் தர அவர்கள் ஒருபோதும் இசைந்ததில்லை.

அப்படங்களின் ஓரத்திலும் ஒருவர் நிற்கிறார், வாசகர்களே! ஜார்ஜியா மாநிலத்து மருத்துவக் கல்லூரி 1852இல் கிராண்டிசன் ஹாரிஸ் என்னும் அடிமையை விலைக்கு வாங்கியது. கறுப்பின மக்களின் கல்லறைத் தோட்டத்தில் இரவில் புதுக்குழியைத் தோண்டி உடலை எடுத்து வருவது அவருக்கு இடப்பட்ட வேலை. மாணவர் வகுப்புப் படம் ஒன்றில் அவர் பின்னால் நிற்கிறார். 1911இல் இறந்தபோது, தாம் தோண்டிய அதே தோட்டத்தில்தான் அவரும் அடக்கம் செய்யப்பட்டார். 1989இல் பழைய கல்லூரிக் கட்டடத்தின் நிலவறையைச் சீரமைத்தபோது ஆயிரக்கணக்கான மனித எலும்புகள் வெளிப்பட்டன. 1998இல் அவற்றை மரியாதையுடன் மீண்டும் புதைத்தார்கள். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரக் கல்லூரியிலும் கிறிஸ் பேக்கர் என்னும் கறுப்பினப் பணியாளர் இவ்வேலையைப் பல்லாண்டுகள் செய்து 1919இல் இறந்தார். மாணவரோடு அவர் நிற்கும் படங்கள் இன்றும் உள்ளன. அங்கும் 1994இல் ஒரு பழைய கிணற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன.

நம் நாட்டிலோ சட்டமே வழி செய்தது. இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியொட்டி, 1951இல் சென்னை மாநிலத்தில் உடற்கூற்றியல் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவமனையில் இறந்து, உரிமை கோர எவருமில்லாத உடலைக் கல்லூரிக்கு வழங்கலாம் என்றது அது. உயிரோடிருந்தபோது கேட்பாரற்றுக் கிடந்தவர், இறந்தபின் ஊருக்கெல்லாம் பயன்பட்டார். நம் காய்ச்சலைத் தணித்த மருத்துவரும், நம் தாய்மாருக்குப் பேறு பார்த்த மருத்துவரும் அவர்களிடமே முதற்பாடம் படித்தார்கள். அவர்களுக்கு நன்றி சொன்னவர் எத்தனை பேர்? கல்லறைத் திருநாளில் அவர்களுக்காக நான் ஒரு திருப்பலியாவது ஒப்புக்கொடுத்தேனா என்று எண்ணிப் பார்த்தேன். இல்லை.

அடுத்த மாதம் மீண்டும் வீரசோழன் சென்றேன். அன்று அண்டை வீட்டு இசுலாமியச் சிறுமியும் அங்கே இருந்தாள். சிறுமி என்கிறேன், அவள் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கி 2020இல் தமிழக அரசு செய்த சட்டத்தால் அவளுக்கு இடம் கிடைத்தது. 2022 சனவரியில் விருதுநகர் உட்பட ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழகத்தில் திறக்கப்பட்டதை வாசகர் அறிவீர்கள். விருதுநகரில் மட்டும் ஆண்டுக்கு 150 மாணவர்க்கு இடம் உண்டு.

"இப்போது நிலைமை வேறு, ஃபாதர்" என்றாள் அவள். "முதல் நாள் உள்ளே போகும்முன் எல்லாரும் கைநீட்டி உறுதிமொழி எடுத்தோம். இவர்தான் எங்கள் முதல் ஆசிரியர், இவரை மரியாதையோடு நடத்துவோம், இவரைப் பற்றிய எதையும் வெளியே பேசமாட்டோம் என்று. கைப்பேசியை உள்ளே கொண்டுபோகவே கூடாது." பிறகு பெரியவரைப் பார்த்து, "தாத்தா, நாங்கள் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கிறோம். பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. உடல்கள் போதவில்லை" என்றாள்.

முதியவர் என்னை நோக்கித் திரும்பினார். அவர் மனத்தில் நெடுநாள் இருந்தது அப்போது வெளிவந்தது. தாம் இறந்தபின் தம் உடலையும் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும். "கேட்காமல் எத்தனையோ பேரை எடுத்துக்கொண்டோம், சாமி. கேட்டபின் கொடுக்கிறவன் ஒருவனாவது நானாக இருக்கட்டும். விண்ணப்பத்தில் இவள் கையெழுத்து வேண்டும். இவள் போடமாட்டேன் என்கிறாள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

அந்த அம்மையார் சமையற்கட்டின் நிலைப்படியில் நின்றார். "சாமி, இவருக்கு ஒரு குழி வேண்டாமா? நவம்பர் இரண்டாம் தேதி எல்லாரும் அவரவர் கல்லறையில் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றும்போது நான் எங்கே போய் ஏற்றுவேன்? ஐம்பது வருடம் அந்த வாடையோடு குடும்பம் நடத்தினேன். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. கடைசியிலாவது இவர் எனக்கு வேண்டாமா?"

வாசகர்களே, திருச்சபையின் போதனையை நான் அறிவேன். பன்னிரண்டாம் பத்திநாதர் 1956ஆம் ஆண்டிலேயே, மருத்துவ நன்மைக்காக இறந்தோர் உடலுறுப்புகளைப் பயன்படுத்துவது இறந்தோர்க்குரிய மரியாதைக்கு முரணன்று என்று விளக்கினார்; உறவினரின் உரிமையையும் உணர்வையும் மதிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூலும், அறிவியல் ஆய்வுக்காக உடலைப் பரிசோதிப்பது ஏற்கத்தக்கது என்றும், இறந்தபின் உறுப்புகளை மனமுவந்து அளிப்பது புண்ணியச் செயல் ஆகலாம் என்றும் கற்பிக்கிறது. மண்ணிலிருந்து எழுப்ப வல்ல இறைவன் மருத்துவக் கூடத்திலிருந்தும் எழுப்ப வல்லவர். உடல் இல்லாமலும் இறந்தவர்க்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். இவையனைத்தும் உண்மையே. ஆயினும், மெழுகுவத்தி ஏற்ற இடம் கேட்ட அந்தத் தாயிடம் இவ்வுண்மைகள் என் நாவில் வரவில்லை. அவர் கேட்டது போதனையை அன்று. சட்டமும் நடைமுறையும் அவர் பக்கமே இருந்தன. கணவர் உயில் எழுதி வைத்தாலும், மரண வேளையில் குடும்பத்தார் மனமுவந்து ஒப்படைத்தால்தான் உடல் கல்லூரிக்குச் சேரும். அவரை மீறி அடையும் சம்மதம், அந்தப் பழைய படத்தில் நடந்ததற்கு ஒப்பாகாதோ?

"அம்மா, நான் வற்புறுத்த மாட்டேன். செபித்து முடிவு செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லித் திரும்பினேன். முதியவருக்கு என்மேல் வருத்தம் இருந்திருக்கலாம்.

தைப் பொங்கல் கழிந்து சில நாட்களில் இருவரும் பேருந்தில் வந்து என் அறை வாயிலில் நின்றார்கள். முதியவரின் கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து அந்தப் படத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார், வழக்கம்போல் கவிழ்த்து. பேசியவர் அம்மையார்.

"சாமி, இவருக்கென்று நம் கல்லறையில் இருக்கிற இடத்தில் இவரை வையுங்கள்" என்று படத்தைக் காட்டினார். "யார் பெற்ற பிள்ளையோ! இவருக்கும் யாரும் விளக்கு ஏற்றியிருக்க மாட்டார்கள். இவருக்கு நான் ஏற்றுகிறேன். பக்கத்தில் எனக்கு இடம் கொடுங்கள். என் கல்லில் இவர் பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்." விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். அவருடைய கையெழுத்து, பள்ளிப் பிள்ளையின் எழுத்துப்போல், கோணலாகவும் தெளிவாகவும் இருந்தது.

அந்த மனிதர் எம்மதத்தவர், என்ன பெயரினர் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே நான் அடக்கச் சடங்கு எதையும் நிகழ்த்தவில்லை. உபதேசியார் கல்லறைத் தோட்டத்தின் மூலையில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டினார். படத்தை வெள்ளைத் துணியில் சுற்றி முதியவரே உள்ளே வைத்தார். வைக்குமுன் ஒருமுறை துணியை விலக்கிப் படத்தை நிமிர்த்தி, முகம் வானத்தைப் பார்க்கும்படி கிடத்தினார். பெயர் அறியாத அந்தச் சகோதரருக்காகவும், அவரைப்போல் மேசைகளில் கிடந்து நமக்கு மருத்துவர்களைத் தந்த அனைவருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். அம்மையார் மெழுகுவத்தி ஏற்றினார். அன்று காற்று பலமாக இருந்தது. இரண்டு முறை அணைந்து, மூன்றாம் முறை நின்று எரிந்தது.

பங்கின் மரணப் பதிவேட்டில் "அடக்கம் செய்யப்பட்ட இடம்" என்று ஒரு பத்தி உண்டு. முதியவர் இன்று நலமாக இருக்கிறார்; இன்னும் பல்லாண்டு இருக்கட்டும். அப்பத்தியை நிரப்பும் நாள் வரும்போது நானோ, எனக்குப்பின் வரும் குருவோ அதில் ஒரு மருத்துவக் கல்லூரியின் பெயரை எழுத வேண்டியிருக்கும். எழுதுகிறவர் தவறாக எழுதப்பட்டதென்று எண்ணி அடித்துவிடாதபடி, ஓரத்தில் ஒரு குறிப்பு இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.

இவ்வாண்டு நவம்பரில் உங்கள் வீட்டாரின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது, வாசகர்களே, பெட்டியில் ஒன்று மிச்சம் வையுங்கள். கல்லறை இல்லாதவர்களுக்காக அதை ஏற்றுங்கள். நம் உடலைத் தொட்டுக் குணமாக்கிய கைகள் யாரிடம் பயின்றன என்பதை அந்த ஒளியில் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.